கோலா நிப்பாவில் கைலிகள் தலை திரும்பிய வரலாறு

இதை எனக்குச் சொன்னவர் மீரான் கனி. சொன்ன இடம், பாரிட் புந்தார்ச் சந்தைக்குப் பின்புறம் அவர் நடத்திவந்த கைலிக் கடை. சொன்ன காலம், 1974ஆம் ஆண்டின் நோன்பு மாதத்தில் பிற்பகல் அஸர் தொழுகைக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையே வியாபாரம் ஓய்ந்துகிடந்த பொழுதுகள். அவர் தம் தந்தை காசிம் கனியின் வாய்வழியாகக் கேட்டிருந்தார். தந்தையோ நிகழ்ச்சி நடந்த ஊரிலேயே துணிக்கடை வைத்திருந்தவர். பிறர் சொன்ன வடிவங்களையும் கேட்டிருக்கிறேன். சிறு வேற்றுமைகளை அங்கங்கே சுட்டிச் செல்கிறேன். பெரிய வேற்றுமை ஒன்றே, அது முடிவைப் பற்றியது.

மலாய் நாட்டின் பேராக் கரையோரத்தில், நிப்பா ஓலைகள் இருபுறமும் சேற்றில் சாய்ந்து நிற்கும் சிற்றாறு ஒன்று கடலில் கலக்குமிடத்தில் கோலா நிப்பா இருந்தது. அவ்வூரார் உடுத்தியவற்றுள் ஒன்றுகூட ஒரே கரையில் பிறந்ததில்லை. மார்புக்கு மேல் ஒற்றைத் துணியைச் சுற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கிய பெண்களின் தோள்மேல், மார்க்கத்தோடும் கப்பல்களோடும் முழங்கால்வரை நீண்ட தளர்ந்த சட்டை ஒன்று வந்து இறங்கிற்று. அடைத்து வைப்பது என்னும் பொருளில் அதை பாஜு குரோங் என்றார்கள். அதற்குப் போட்டியாக, முன்புறம் முழுதும் திறந்து பதக்க ஊசிகளால் பூட்டிக்கொள்ளும் கெபாயா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மலாக்காவிலிருந்து வந்தது. பொன்னிழை ஓடும் சொங்கெட், திரங்கானுத் தறிகளிலிருந்து மாப்பிள்ளைகளின் இடுப்புக்கு வந்தது. பழவேற்காட்டின் பேரைத் தேய்த்து பெலேகாட் என்று ஆக்கிக்கொண்ட கட்டம்போட்ட கைலி நம் கரையிலிருந்து போய், அவ்வூர் ஆண்களோடு தொழவும் தூங்கவும் மீன்பிடிக்கவும் பழகிற்று. எங்கிருந்து வந்தாலும் எல்லாத் துணியும் கோலா நிப்பாவுக்கு வந்தபின் அவ்வூர் முறைப்படியே உடுத்தப்பட்டது.

அந்த முறையைச் சொல்லாமல் கதையைச் சொல்ல முடியாது. கைலியின் நீளத்தில் ஓரிடத்தில் மட்டும் வேறு நிறமும் வேறு பூவேலையுமாக ஒரு பட்டை ஓடும். மலாய்க்காரர்கள் அதற்குக் கெபாலா என்று பெயர் வைத்தார்கள். எஞ்சிய பரப்பெல்லாம் பாடான். நம் வணிகர்கள் அதை அப்படியே தமிழாக்கி, ‘தலை எப்படி இருக்கிறது பாருங்கள், உடம்பு எப்படி இருக்கிறது பாருங்கள்’ என்று விற்றார்கள். உடுத்தும்போது அந்தத் தலை எப்பக்கம் விழுகிறது என்பதைக் கொண்டே உடுத்தியவரை அறியலாம்: ஆண்களுக்குப் பின்புறம், கணவனோடு வாழ்பவளுக்கு முன்புறம், மணமாகாத பெண்ணுக்கு இடப்புறம், கைம்பெண்ணுக்குப் பின்புறம். வேறு ஆற்றுமுகங்களில் வேறு முறை உண்டு. இந்தக் கதைக்கு இந்த ஊர் முறையே போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, ஏலக்காரர் மாட் டின்னின் கைலித்தலை அவர் இடுப்பைச் சுற்றி மெல்ல ஊர்ந்து வலப்புறம் வந்து நின்றது. இடுப்பு மடிப்பு அவிழவில்லை; துணி சுருங்கவும் இல்லை. வலப்புறம் நின்றவன் அவருடைய மைத்துனன். அவன் கூடையில் கிடந்தது அவ்வளவும் வெள்ளை வாவல். மாட் டின் அந்தத் தலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். அது திரும்பி வந்தது. மைத்துனன் இடம் மாறி நின்றான், அதுவும் மாறிற்று. ‘ஏலத்தை முடியுங்க, வெயில் ஏறுது’ என்று யாரோ சொல்ல, அவர் கைலியை அப்படியே விட்டுவிட்டு ஏலத்தை முடித்தார்.

அன்று ஜும்மாவில், பின்வரிசையில் நின்றவர்களின் கண்முன் முன்வரிசைக் கைலிகள் ஒன்றும் பின்பக்கம் தலைவைத்திருக்கவில்லை. ஒன்று இடப்பக்கத்தானை நோக்கிற்று, மற்றொன்று தூணோரத்துக் கிழவரை; இமாமின் தலை மட்டும், அழகாகப் பாங்கு சொல்லும் முஅத்தினை நோக்கி வெட்கமின்றி முழுதாகத் திரும்பியிருந்தது. தொழுகை முடிந்ததும் இமாம், துணி தூய்மையாக இருந்தால் தலை எப்பக்கம் இருந்தாலும் தொழுகை கூடும் என்று தீர்ப்புச் சொன்னார். ஊர் நிம்மதியடைந்தது. மார்க்கத்துக்கு இடைஞ்சல் இல்லை என்று ஆனபின், எஞ்சியது குடித்தனத்துக்கு உண்டான இடைஞ்சல் மட்டுமே.

உடுத்தியவர் யார்மேல் பொறாமை கொண்டாரோ அவரை நோக்கித் துணியின் தலை திரும்பும் என்பதை யாரும் யாருக்கும் விளக்கவில்லை. அடுத்த சந்தை நாளுக்குள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். மலாய்மொழியில் பிறர் செல்வத்தைக் கண்டு எரிவதற்கு ஒரு சொல்லும், தனக்குரியவரைப் பிறர் பார்ப்பதைக் கண்டு எரிவதற்கு வேறொரு சொல்லும் உண்டு. துணி இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. கொடியில் காயும்போது தலைகள் தூங்கின. இடுப்பில் ஏறியதும் விழித்துக்கொண்டன. வயிற்றைச் சுற்றி ஓர் உள்ளங்கை நகர்வதுபோல் இருக்கும் என்று, உடுத்திக் கண்டவர்கள் சொல்வார்களாம்.

ஊர் இதற்கேற்ப ஒழுக்கங்களை அமைத்துக்கொண்டது. விருந்துக்கு வந்தவரின் இடுப்புக்குக் கீழே பார்ப்பது மரியாதையன்று என்றானது. புதுப் படகு வாங்கியவன் அதை ஊருக்கு மறுபுறம் கட்டினான். இடப்பக்கத் தலையோடு போகவேண்டிய பெண்பிள்ளைகள், தோழியின் வளையலைக் கண்டு முன்பக்கத் தலையோடு வீடு திரும்ப, தாய்மார் மிரண்டார்கள். மனைவியர் சிலர், மீன்காரன் தங்களிடம் சிரித்துப் பேசியபோது தம் கணவரின் கைலி அசையவே இல்லை என்று அழுது, பாயைத் தனியே போட்டார்கள். காசிம் கனி, தலையே இல்லாத, முழுக்க உடம்பாகவே நெய்த கைலிகளைத் தருவித்தார். அவை முதல் நாளில் தீர்ந்தன, மறுவாரம் அத்தனையும் திரும்பி வந்தன. தலையில்லாக் கைலி உடுத்தியவனை ஊர் முழுவதும் ஐயத்தோடு பார்த்தது. எதை மறைக்கிறான், எத்தனை பேரை மறைக்கிறான் என்று கேட்டது. எல்லோரையும்விடத் துன்பப்பட்டவர் பெரியவீட்டு ஹாஜி. சொங்கெட் உடுத்திச் சந்தை நடுவே மெல்ல நடந்தும் ஒரு துணிகூடத் தம் பக்கம் திரும்பாததைக் கண்டு அவர் படுக்கையில் விழுந்தார். தகரக் கூரை வேய்ந்தபிறகு சொந்தத் தம்பியின் கைலி ஒருமுறை திரும்பிற்று என்று கேட்ட பின்பே கஞ்சி குடித்தார்.

இத்தனை துணிகளுக்கிடையே இரண்டே இரண்டு துணிகள் தலையை அசைக்கவில்லை. இரண்டும் தையற்காரிகளின் துணிகள்.

ஒருத்தி கமரியா, படகுத் தச்சன் டெராமானின் மனைவி. குரோங் வெட்டுவதில் அவளுக்கு இணை ஆற்றின் இருகரையிலும் இல்லை. அக்குளில் அவள் வைக்கும் சதுரத் துண்டு கையை உயர்த்தினாலும் இழுக்காது. கழுத்து விளிம்பில் விலாங்கு முள் என்று பேர்பெற்ற தையலை, விரலால் தடவினால் மட்டுமே தெரியும்படி ஓட்டுவாள். மற்றவள் மெலோர், தோணிக்காரனைக் கட்டிக்கொண்டு மலாக்காவிலிருந்து வந்தவள், கெபாயாக்காரி. அவள் அளவுநாடா தொடுவதில்லை; வாசலில் நிற்பவளை ஒருமுறை பார்த்துவிட்டு, சீழ்க்கையடித்துக்கொண்டே கத்தரியைப் போடுவாள். அவளிடம் கெபாயா தைத்துப் போட்ட கருவாட்டுக்காரிகள், பேரன் எடுத்த வயதில், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவின் நடுவே நடக்கத் தொடங்கினார்கள். இருவர் வீடும் ஒரே சந்தின் இருபுறம், சன்னலுக்கு நேர் சன்னல். நாள்தோறும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தார்கள். இருவர் கைலித்தலையும், கணவனோடு வாழ்பவளுக்கு உரியவாறு, நேர் முன்னே விழுந்து அங்கேயே கிடந்தது.

‘பொறாமை அறியாத இருவர்’ என்று ஊர் அவர்களைப் போற்றியது. கமரியாவின் துணி ஏன் திரும்பவில்லை என்பது கமரியாவுக்கு மட்டும் தெரியும். துணி தேய்க்கும் கரிப்பெட்டியை எடுக்க அவள் ஒருநாள் சன்னலுக்கு முதுகு காட்டினாள். காட்டிய அக்கணமே தலை அவள் இடுப்பைச் சுற்றி விரைந்து ஓடிப் பின்புறம் ஒட்டிக்கொண்டு சந்துக்கு எதிரே பார்த்தது. அவள் திரும்பினாள், அது முன்னே வந்தது. அன்றுதான் அவள் தன்னைப் பற்றிய உண்மையை அறிந்தாள்: மெலோர் அவ்வூர்க் கரையில் இறங்கிய நாளிலிருந்து, உண்ணும்போதும் தைக்கும்போதும் அரிசி களையும்போதும், தன் உடம்பே அவள் வீட்டை நோக்கித் திரும்பியிருந்தது, துணி திரும்பவேண்டிய தேவையே எழவில்லை. அதன்பின் அவள் மெலோருக்கு முதுகு காட்டாமல் வாழப் பழகினாள். சந்தினைவிட்டுப் போகும்போது பின்னோக்கி நடந்தாள். மெலோர் குளிக்கப் போனால் ஆற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நண்டுகூட இப்படி நடக்காது,” என்றான் டெராமான்.

“நண்டுக்குக் கைலி இல்ல,” என்றாள் கமரியா.

அவளை எரித்தது கத்தரியோ சீழ்க்கையோ மட்டுமன்று. எதிர்ச்சன்னலில் மெலோரின் கைலித்தலையும் அசையாமல் கிடந்ததே, அது. கெபாயா குட்டையானது, அதற்குக் கீழே தலை முழுதும் தெரியும். தான் கள்ளத்தால் காத்துவரும் பேரை அவள் இயல்பாகவே பெற்றிருக்கிறாள் என்று கமரியா நம்பினாள். மெலோரிடம் இருந்த எல்லாவற்றையும் பொறுத்தாலும் அந்தத் தூய்மையைப் பொறுக்க அவளால் முடியவில்லை.

அந்த ஆண்டில்தான் ஊரின் மணப்பெண்களை அலங்கரித்துவந்த கிழவி இறந்துபோனாள். அந்தப் பொறுப்பை மாக் அண்டாம் என்பார்கள். பெண்ணுக்கு உடுத்தி, புருவம் திருத்தி, அவள் முகக்களைக்குக் காவலாக நின்று, மணமேடைவரை அழைத்துப் போகிறவள். மாக் அண்டாமுக்கு எந்த வீட்டிலும் முதல் பாய் விரிப்பார்கள். கமரியா ஊசி பிடித்த நாள்முதல் விரும்பியது அந்த இடத்தை மட்டுமே. பெங்குலுவின், அதாவது ஊர்த்தலைவரின், மகள் ஸாவியாவுக்குத் திருமணம் குறித்திருந்தார்கள். அவளை அலங்கரிப்பவளே இனி ஊருக்கு மாக் அண்டாம் என்பது பேசாமலே முடிவானது. பொறாமைக் கை பட்டால் பெண்ணின் முகக்களை மங்கிவிடும் என்பது அவ்வூர் நம்பிக்கை. ஆகவே பெண்ணின் தாய் வான் சலேஹா, பொறாமையற்ற கையைத் தவிர எதுவும் தன் மகளைத் தொடக்கூடாது என்றாள். அப்படிப்பட்ட கைகள் ஊரில் இரண்டு பேருக்கே இருந்தன. ஒருத்தியை விட்டு ஒருத்தியை அழைக்க யாருக்கும் துணிவில்லை. இருவரையும் அழைத்தாள்.

பெண்ணின் உடைக்கும் அதே வழி பிறந்தது. குரோங்கும் வேண்டாம், குட்டைக் கெபாயாவும் வேண்டாம். குரோங்கைப்போல முழங்காலுக்குக் கீழே நீண்டு, கெபாயாவைப்போல முன்னே திறந்துகொள்ளும் நெடுங்கெபாயா ஒன்றை இருவரும் சேர்ந்து தைக்கட்டும் என்றார்கள். உடலும் கையும் கமரியாவுடையவை. முன்திறப்பும் விளிம்பும் மெலோருடையவை. துணி சந்தினைக் கடந்து போவதும் வருவதுமாக இருந்தது. மெலோர் வளைத்த விளிம்பைக் கண்ட கமரியா தான் வைத்த தோளைப் பிரித்து மறுபடி தைத்தாள். அந்தத் தோளைக் கண்ட மெலோர் தன் விளிம்பைப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க உடை மெருகேறிற்று. அப்படியொரு உடையைத் தாம் பிறகு விற்றதுமில்லை, கண்டதுமில்லை என்று காசிம் கனி சொல்லிவந்தாராம். பாகான் செராயில் நான் கேட்ட வடிவத்தில் துணி பச்சைப் பட்டு. மீரான் கனியிடம் மஞ்சள். மஞ்சள் அரசகுலத்துக்கு உரியதாகையால் பச்சையே பொருந்தும் என்று கருதுகிறேன்.

திருமண நாளின் காலையில் இருவரும் பெண்ணின் இருபுறமும் நின்று அவளை உடுத்தினார்கள். நடுவில் பெண், எதிரெதிரே இருவர்; துணிகள் அசையவில்லை. கமரியா பதக்க ஊசியைக் கேட்கும்போதும் முதுகைத் திருப்பவில்லை. மெலோரும் திருப்பவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

கொம்பாங் பறைகள் முழங்க, பெண்ணை மணமேடைக்கு அழைக்கும் நேரம் வந்தது. கமரியா இதை எண்ணாமல் இல்லை. மாக் அண்டாம் பெண்ணுக்கு ஓரடி முன்னால் அவளை நோக்கியபடி பின்னோக்கி நடப்பது தன் தாய் பிறந்த ஊர் வழக்கம் என்று ஒரு பொய்யைக்கூடச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் வான் சலேஹா இருவர் கையிலும் ஆளுக்கொரு விசிறியைக் கொடுத்து, பெண்ணின் வலப்புறம் கமரியாவும் இடப்புறம் மெலோருமாக நிறுத்தி, முன்னே பார்த்து நடக்கச் சொன்னாள். பந்தல் முழுவதும் எழுந்து நின்றது. அவர்கள் முன்னே பார்த்தார்கள்.

கமரியா தன் வயிற்றின்மேல் அந்த உள்ளங்கை நகர்வதை உணர்ந்தாள். நடையை நிறுத்த முடியாது. குனிந்து பார்க்கவும் முடியாது. அவளுடைய துணித்தலை இடப்புறமாகத் திரும்பி நின்றது. அதே வேளையில் மறுபுறம் மெலோரின் தலை வலப்புறமாகத் திரும்பி நின்றது. பறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இருவரும் மணப்பெண்ணின்மேல் பொறாமை கொண்டிருக்கிறார்கள் என்று பந்தல் முழுவதும் ஒரே மூச்சில் புரிந்துகொண்டது.

“தொடாதீங்க என் பிள்ளைய,” என்றாள் வான் சலேஹா. “ரெண்டு பேரும் கைய எடுங்க. ஸாவியா, உள்ள வா. இதக் கழற்றணும்.”

ஸாவியா உள்ளே போகவில்லை. அவள் வாய்த்துடுக்கு ஊரறிந்தது. மணநாளில் பேசாதிருக்கவேண்டும் என்று அவளை ஒருவாரமாகக் கெஞ்சியிருந்தார்கள். பேசாமலே இருவருக்கும் நடுவிலிருந்து முன்னே நடந்து, தனியாக மேடை ஏறி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தலைப் பார்த்தாள். நடுவில் ஒருவரும் இல்லை. கமரியாவின் துணியும் மெலோரின் துணியும் அவளைப் பின்தொடரவில்லை. இருந்த இடத்திலேயே, இரு பூனைகள்போல, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

“மாக்,” என்று தாயை அழைத்தாள் ஸாவியா. “உங்க கைலியப் பாருங்க.”

வான் சலேஹா குனிந்தாள். அவளுடைய இடுப்பில் சொங்கெட்டின் தலை மேடையை நோக்கி நேராக நின்றது. கை வைத்துத் திருப்பினாள். அது மகளிடமே மீண்டது. அவளுக்குப் பக்கத்தில் நின்றவளுடையதும் அப்படியே. பிறகு பந்தல் முழுவதும் குனிந்தது. அத்தைமாரின் தலைகள், தோழியரின் தலைகள், அந்தப் பெண்ணைத் தமக்குக் கேட்டு ஏமாந்த இளைஞர்களின் தலைகள், எல்லாம் மேடையை நோக்கி நின்றன. மாப்பிள்ளையின் இடுப்புத்துணிகூட, இவ்வளவு பேர் பார்க்கும் தன் மனைவியை நோக்கியே திரும்பியிருந்தது.

“என்னைப் பார்க்காதது இந்த ரெண்டு துணிதான்,” என்றாள் ஸாவியா. “பொறாமையில்லாத கைதான் தொடணும்னு சொன்னது நீங்க. இவங்களுக்கு என்மேல ஒண்ணும் இல்ல. இவங்களே விசிறட்டும்.”

மறுக்க யாருக்கும் வழியில்லை. மறுப்பவர் தம் இடுப்பை மறைத்துக்கொண்டு பேசவேண்டும். பறைகள் மீண்டும் முழங்கின. இருவரும் மேடையின் இருபுறமும் ஏறி நின்று விசிறினார்கள். கமரியா விரும்பிய இடம் அவளுக்குக் கிடைத்தது. கிடைத்தபோது அதில் பாதியே இருந்தது. இனி எந்த வீட்டிலும் முதல் பாயில் அவள் தனியே உட்காரப்போவதில்லை, எந்த மணப்பெண்ணுக்கும் மறுபுறம் மெலோர் நிற்பாள் என்பதை அவள் விசிறிக்கொண்டே விளங்கிக்கொண்டாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வாழ்த்து ஏற்றுக்கொண்டிருந்தபோது, அவர்கள் முதுகுக்குப் பின்னால் கமரியா தாழ்ந்த குரலில் கேட்டாள்: “என்கிட்ட என்ன இருக்குன்னு உன் துணி பார்க்குது?”

“உங்களுக்கு என்மேல பொறாமையே இல்லையே, காக்,” என்றாள் மெலோர். காக் என்றால் அக்கா. “இந்த ஊருக்கு வந்த நாளா உங்க சன்னலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். உங்க தலை ஒருநாளும் திரும்பல. நான் ஒரு பொருட்டே இல்லன்னு நெனச்சேன்.”

“இப்ப தெரிஞ்சிடுச்சே.”

“தெரிஞ்சிடுச்சு.”

“பின்ன ஏன் இன்னும் திரும்பியே நிக்குது?”

“அந்த விலாங்கு முள்ளு,” என்றாள் மெலோர். “நானும் தைச்சுப் பார்த்துட்டேன். வரல.”

கமரியா விசிறுவதைத் தொடர்ந்தாள். கற்றுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதுமுதல் அவ்வூரில் எல்லா மணப்பெண்களையும் அவ்விருவருமே அலங்கரித்தார்கள் என்றும், பெண் வீட்டார் முதலில் பெண்ணைப் பார்க்காமல் அவ்விருவர் இடுப்பைப் பார்த்துவிட்டு, இரண்டு தலைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தால் மட்டுமே நிறைவோடு பெண்ணை ஒப்படைத்தார்கள் என்றும் மீரான் கனி முடித்தார். அவர்கள் நட்பானார்களா என்று கேட்டேன். அப்படி ஆகியிருந்தால் ஊரில் யார் நம்பி அழைப்பார்கள் என்றார்.

பாகான் செராயில், பாய் முடையும் ரெம்பூட் என்னும் பெண் 1981இல் சொன்ன வடிவம் திருமணம் வரை இதனோடு ஒத்துப்போகிறது, பிறகு பிரிகிறது. அவ்வடிவில், மேடையிலிருந்து இறங்கியதும் மெலோர் விசிறியைக் கமரியாவின் கையில் வைத்துவிட்டு, கணவனோடு தோணி ஏறி மலாக்காவுக்கே போய்விடுகிறாள். முதல் பாய் முழுதும் கமரியாவுக்கு வாய்க்கிறது. ஆனால் அவளுடைய கைலித்தலை அன்றுமுதல் தெற்கே, மலாக்காப் பக்கம் திரும்பி அங்கேயே நிலைத்துவிடுகிறது. அவள் எப்பக்கம் உட்கார்ந்தாலும் மாறுவதில்லை. மேகமூட்டமான நாட்களில் கடலுக்குப் போகும் ஆண்கள் முதலில் அவள் வாசலுக்கு வந்து, ‘காக், கொஞ்சம் எழுந்து நில்லுங்க’ என்று கேட்டு, தெற்கு எதுவென்று பார்த்துக்கொண்டு படகைத் தள்ளுவார்களாம்.